வைக்கோலும் கடற்பாசியும் பிளாஸ்டிக்குக்கு மாற்றாகுமா?

புது தில்லி: நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடரில் தில்லியின் காற்று மாசு பேசப்படாத ஆண்டு அண்மைக் காலத்தில் அரிது. பஞ்சாப், ஹரியாணா வயல்களில் எரிக்கப்படும் வைக்கோல் பற்றி உறுப்பினர்கள் கேட்கிறார்கள். வேளாண் அமைச்சகம் இயந்திரங்களுக்கு வழங்கிய மானியத்தின் கணக்கைச் சொல்கிறது. பிளாஸ்டிக் குப்பை பற்றிய கேள்விக்குச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தனியே விடை அளிக்கிறது. கடற்பாசி வளர்ப்பு பற்றிக் கேட்டால் பதில் தருவது மீன்வளத் துறை. உயிரித் தொழில்நுட்பம் என்றால் அது அறிவியல் அமைச்சகத்தின் பொறுப்பு.

நான்கு அமைச்சகங்களும் நான்கு நாள்களில் அளிக்கும் இந்த விடைகளுக்கு இடையே ஒரு தொடர்பு உண்டு. எரிக்கப்படும் வைக்கோலிலும், ஆலையில் மிஞ்சும் கரும்புச் சக்கையிலும், கடலில் வளரும் பாசியிலும் இருந்து மண்ணில் மக்கிப் போகும் பொருள்களைச் செய்ய முடியும். அவை பிளாஸ்டிக் தட்டு, உறை, பை ஆகியவற்றின் இடத்தை ஓரளவு நிரப்பும். ஆய்வுக்கூடங்களில் இது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. கடைத்தெருவுக்கு அது ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் இன்றைய கேள்வி.

மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒப்புதல் அளித்த 'பயோ இ-3' எனும் உயிரி உற்பத்திக் கொள்கை இந்த முயற்சிக்கு முதன்முறையாக ஒரு கொள்கை முகவரியைத் தந்தது. பொருளாதாரம், சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு ஆகிய மூன்றையும் உயிரித் தொழில்நுட்பத்தின் வழியே வளர்ப்பதே இதன் நோக்கம். அது முன்னுரிமை அளித்த ஆறு துறைகளில் முதலாவது, உயிரி மூலங்களிலிருந்து பெறப்படும் வேதிப்பொருள்கள், பாலிமர்கள், நொதிகள் ஆகியவற்றின் உற்பத்தியாகும். கடல்சார் ஆராய்ச்சியும் அந்த ஆறில் அடங்கும்.

எனினும், கொள்கை அறிவிப்புக்கும் சந்தைக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. அதை அளந்து பார்க்க, கடந்த சில ஆண்டுகளின் அனுபவத்தைத் திரும்பிப் பார்ப்பது அவசியம்.

தடை வந்தது, மாற்று வரவில்லை

உலகச் சுற்றுச்சூழல் தின விழாவை 2018-இல் இந்தியா ஏற்று நடத்தியபோது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கை 2022-க்குள் ஒழிப்போம் என்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஹர்ஷ் வர்தன் அறிவித்தார். மறு ஆண்டு சுதந்திர தின உரையில் பிரதமர் நரேந்திர மோடியும் இதை வலியுறுத்தினார். தமிழகம் அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல், மாநில அளவில் தடையைச் செயல்படுத்தத் தொடங்கியிருந்தது.

மத்திய அரசு 2021 ஆகஸ்டில் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளைத் திருத்தியது. அதன்படி தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல், காது குடையும் குச்சி, இனிப்புப் பெட்டிகளின் மேல் சுற்றும் மெல்லிய உறை முதலிய பொருள்களின் தயாரிப்பும் விற்பனையும் பயன்பாடும் 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்டன. கைப்பைகளின் குறைந்தபட்சத் தடிமன் 75 மைக்ரானாகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானாகவும் உயர்த்தப்பட்டது.

தடை நெருங்கிய வேளையில் எழுந்த ஒரு சர்ச்சை இந்தச் சிக்கலின் இயல்பை நன்கு காட்டியது. சிறு அட்டைப்பெட்டிகளில் பழச்சாறும் மோரும் விற்கும் நிறுவனங்கள், பெட்டியோடு ஒட்டி வரும் உறிஞ்சுகுழலுக்கு மட்டும் கால அவகாசம் கோரின. காகிதக் குழல்களை உள்நாட்டில் வேண்டிய அளவுக்குச் செய்ய வசதி இல்லை, இறக்குமதி செய்தால் விலை கட்டுப்படியாகாது என்பது அவற்றின் வாதம். அரசு இசையவில்லை. வைக்கோல் மலைபோல் குவியும் ஒரு நாடு, குழல் செய்வதற்கு வெளிநாட்டை எதிர்நோக்க நேர்ந்தது.

தடைக்குப் பின்னும் குப்பை குறைந்ததாகக் கணக்கு காட்டவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆண்டறிக்கைப்படி 2020-21-இல் நாட்டின் பிளாஸ்டிக் கழிவு ஏறத்தாழ 41 லட்சம் டன். 2022-23-லும் அது அதே அளவில்தான் இருந்தது. மாநிலங்கள் தரும் புள்ளிவிவரங்களைத் தொகுத்தே வாரியம் இந்தக் கணக்கைத் தயாரிக்கிறது. பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முறையாகச் சேகரிக்கப்படாமல் திறந்த வெளியில் சிதறியோ எரிக்கப்பட்டோ போகும் பிளாஸ்டிக் இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 93 லட்சம் டன். உலக அளவில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

'மக்கும்' என்ற சொல்லின் சிக்கல்

மேற்கண்ட தடையில் ஒரு விலக்கும் உண்டு. உரமாக மக்கும் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்ட பொருள்களுக்குத் தடை பொருந்தாது. அத்தகைய பைகளுக்குத் தடிமன் வரம்பும் கிடையாது. மாற்றுப் பொருள் தொழிலுக்குத் திறந்து வைக்கப்பட்ட வாசல் இது. ஆனால் அதன் வழியே எது நுழையலாம், எது நுழையக்கூடாது என்பதை முடிவு செய்வது ஒரு தரநிலை.

ஐ.எஸ்.ஓ. 17088 என்ற அந்தத் தரநிலையின்படி, ஒரு பொருள் தொழில்முறை உரக்கிடங்கில், 58 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில், 180 நாள்களுக்குள் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். சான்றிதழ் அளிக்கும் அதிகாரம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உள்ளது. சான்றிதழின்றிப் பொருளை விற்க முடியாது.

58 டிகிரி வெப்பம் வீட்டுத் தோட்டத்திலோ, சாலையோரக் குப்பைமேட்டிலோ, கடல் நீரிலோ நிலைத்துக் கிடைப்பதில்லை. ஆகவே சான்றிதழ் பெற்ற ஒரு பை, சாக்கடையில் விழுந்தால் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கக்கூடும். குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று 2016-லேயே விதி செய்யப்பட்டது. அது ஒழுங்காக நடைபெறும் நகரங்கள் சிலவே. பிரிக்கப்படாத குப்பையில் மக்கும் பையும் மக்காத பையும் ஒன்றாகவே எரிகின்றன. மறுசுழற்சிக்குச் செல்லும் பழைய பிளாஸ்டிக்கில் மக்கும் பை கலந்துவிட்டால் அந்தச் சரக்கும் தரம் கெடுகிறது.

மற்றொரு குழப்பமும் உண்டு. ஒரு பொருள் எதிலிருந்து செய்யப்பட்டது என்பதும், அது மக்குமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். கரும்பிலிருந்து பெறும் எத்தனாலைக் கொண்டு பாலிஎதிலீன் செய்யலாம். மூலம் தாவரமே ஆயினும் அது மக்காது. மாறாக, பி.பி.ஏ.டி. என்ற பாலிமர் பெட்ரோலிய மூலத்திலிருந்து வருவது, ஆனால் மக்கும். பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய, திருமலையில் லட்டு விற்பனைக்கென 2021-இல் அறிமுகமான பைகள் சோளமாவு சார்ந்த மக்கும் வகையைச் சேர்ந்தவை.

இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி, சாதாரண பிளாஸ்டிக்கில் சில வேதிப்பொருள்களைச் சேர்த்து 'மக்கும்' என முத்திரையிட்டு விற்பதும் நடைபெற்றது. வெயிலில் அது துண்டு துண்டாக உதிரும், மறைந்துவிட்டதாகத் தோன்றும், நுண்துகள்களாக மண்ணில் தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய பொருள்களை 2021 முதல் தடை செய்தது. இந்தியா 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தி, மக்கும் பிளாஸ்டிக் என்றால் நுண்பிளாஸ்டிக்கையோ நச்சு எச்சத்தையோ விட்டுவைக்காமல் சிதைய வேண்டும் என வரையறுத்தது. இந்தத் திருத்தம், உண்மையான மாற்றுப் பொருள் தயாரிப்பவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு எனலாம். சோதனைச் செலவும் காத்திருப்பும் சிறு தொழில்முனைவோரை வாட்டுகின்றன என்பது அதன் மறுபக்கம்.

வைக்கோல்: எரிப்பது ஏன்?

தஞ்சை விவசாயிக்கு வைக்கோல் என்பது மாட்டுத் தீவனம். போர் போட்டுக் காக்கும் சொத்து. பஞ்சாப் விவசாயிக்கு நெல் வைக்கோல் அப்படியன்று. அங்கு மாடுகளுக்குப் பெரும்பாலும் கோதுமை வைக்கோலையே இடுகிறார்கள். நெல் வைக்கோலில் மணல்சத்தான சிலிக்கா மிகுதி என்பதால் அது விரும்பப்படுவதில்லை. அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் அறுத்துச் செல்வதால் தாளும் தட்டையும் வயலிலேயே நின்றுவிடுகின்றன.

நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் பஞ்சாப் அரசு கொண்டுவந்த சட்டம், நெல் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளியது. அறுவடையும் அதனால் பின்தள்ளிப் போனது. நெல் அறுத்துக் கோதுமை விதைப்பதற்கு இடையே கிடைப்பது இரண்டு, மூன்று வாரங்களே. அந்த அவசரத்தில் தீக்குச்சியே மிக மலிவான கருவியாகிவிட்டது. தண்ணீரைக் காக்கச் செய்த ஏற்பாடு காற்றைக் கெடுக்கக் காரணமானது, திட்டமிடுவோர் மறக்கக்கூடாத பாடம்.

பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் கிடைக்கிறது. நாடு முழுவதும் தீவனம், எரிபொருள் முதலிய தேவைகள் போக மிஞ்சும் பயிர்க்கழிவு ஏறத்தாழ 22.8 கோடி டன் என்று மத்திய மரபுசாரா எரிசக்தி அமைச்சகத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு மதிப்பிட்டது. வாரியக் கணக்கில் உள்ள பிளாஸ்டிக் கழிவைப் போல இது 50 மடங்குக்கும் அதிகம். மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை என்பது இதனால் விளங்கும்.

வைக்கோலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லுலோஸ் எனும் நார்ச்சத்து. அதைப் பிரித்தெடுத்துக் கூழாக்கி அச்சில் வார்த்தால் தட்டும் கிண்ணமும் ஆகும். வைக்கோல் துணுக்குகளின் மீது காளான் இழைகளை வளர்த்தால் அவை பின்னிப் பிணைந்து கெட்டியாகும். உலர்த்தினால் தெர்மகோலுக்கு மாற்றாக, கண்ணாடிப் பொருள்களைப் பொதிய உதவும் அட்டை கிடைக்கும். செல்லுலோஸை மேலும் நுண்ணியதாக்கிப் படலங்களுக்கு வலுவூட்டலாம். மும்பையில் உள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இதற்கென நானோ செல்லுலோஸ் முன்மாதிரி ஆலையை 2015-லேயே நிறுவியது. நார்ச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி நுண்ணுயிர்களுக்கு உணவாக்கி, அவற்றின் உடலிலிருந்து பி.எச்.ஏ. என்ற பாலிமரைப் பெறுவதும் ஒரு வழி. இது மண்ணில் மட்டுமின்றிக் கடல் நீரிலும் சிதையும் என்பதால் விஞ்ஞானிகள் இதன்மீது பெரும் நம்பிக்கை வைத்துள்ளனர்.

எரிபொருளுக்கே முதல் பந்தி

இத்தனை வழிகள் இருந்தும் வைக்கோல் வேறு பக்கமே செல்கிறது. ஹரியாணாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அமைத்த எத்தனால் ஆலையை 2022 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலைக் கொண்டு 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிப்பது அதன் திட்டம். பஞ்சாபின் வைக்கோலோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்கு.

அனல்மின் நிலையங்கள் நிலக்கரியுடன் பயிர்க்கழிவு உருண்டைகளையும் சேர்த்து எரிக்க வேண்டும் என 2021-இல் மின்துறை அமைச்சகம் கொள்கை வகுத்தது. இயற்கை எரிவாயு விற்பனையில் 2025-26 முதல் ஒரு சதவீதம் உயிரி எரிவாயு கலக்க வேண்டும் என்றும், அதைப் படிப்படியாக 5 சதவீதமாக உயர்த்துவது என்றும் முடிவானது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பும் 2025-இல் எட்டப்பட்டது.

இவை அனைத்திலும் ஒரு பொது அம்சம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். வாங்குபவர் யார், எவ்வளவு வாங்குவார் என்பது அரசாணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எண்ணெய் நிறுவனமும் மின் நிலையமும் வாங்கியே தீர வேண்டும். அந்த உறுதியைக் காட்டி ஆலை முதலாளி வங்கியில் கடன் பெற முடிகிறது. வைக்கோலில் தட்டு செய்பவருக்கு அத்தகைய உறுதி எதுவும் கிடையாது. அவர் பெட்ரோலிய பிளாஸ்டிக்கோடு வெறும் விலையில் போட்டியிட வேண்டியுள்ளது.

ஒரு டன் வைக்கோலைக் கட்டி, ஏற்றி, ஆண்டு முழுவதும் நனையாமல் சேமித்து வைக்கும் செலவு, வைக்கோலின் விலையைவிடப் பெரிதாகிவிடுகிறது. மூன்று வாரத்தில் திரட்டிப் பன்னிரண்டு மாதம் பயன்படுத்த வேண்டிய சரக்கு இது. பெரிய ஆலைக்கே சுமையான இந்தச் செலவைச் சிறு தொழில் தாங்குவது கடினம். ஆகவே, வைக்கோல் எரிக்கும் விவசாயிக்கு விதிக்கப்படும் தொகையை 2024 நவம்பரில் மத்திய அரசு இரு மடங்காக்கி, ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவருக்கு 30 ஆயிரம் ரூபாய் வரை உயர்த்தியது ஒருபுறம் இருக்க, எரிக்காமல் கொடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு இன்னும் நிறைவான விடை இல்லை.

கரும்பாலை காட்டும் வழி

திரட்டும் சிக்கல் இல்லாத கழிவு ஒன்று உண்டு. அது கரும்புச் சக்கை. நூறு டன் கரும்பு அரைத்தால் சுமார் 30 டன் சக்கை ஆலை வாசலிலேயே கிடைக்கிறது. உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், தமிழகம் முதலிய மாநிலங்களில் சக்கைக் கூழிலிருந்து தட்டு, கிண்ணம் செய்யும் தொழில் வேரூன்றியதற்கு இதுவே காரணம். விமானங்களிலும் உணவகங்களிலும் இவை பழக்கத்துக்கு வந்துவிட்டன.

ஆனால் சக்கை எவருக்கும் வேண்டாத பொருளன்று. ஆலையின் கொதிகலனுக்கு அதுவே எரிபொருள். மிஞ்சும் மின்சாரத்தை ஆலைகள் விற்கின்றன. மின்சாரத்தின் விலை உயர்ந்தால் தட்டு செய்பவருக்குச் சக்கையின் விலையும் உயரும்.

உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டம் கும்பியில் பல்ராம்பூர் சர்க்கரை ஆலை நிறுவனம், ஆண்டுக்கு 80 ஆயிரம் டன் பி.எல்.ஏ. எனும் மக்கும் பாலிமர் தயாரிக்கும் ஆலைக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது. மாநில அரசு 2024-இல் வகுத்த உயிரி பிளாஸ்டிக் கொள்கை இதற்குத் துணை நின்றது. இதுவரை இறக்குமதியையே நம்பியிருந்த பொருள் உள்நாட்டில் கிடைப்பது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

அதேவேளையில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்த பி.எல்.ஏ.வுக்கு மூலப்பொருள் சர்க்கரை; சக்கையன்று. கரும்போ ஏராளமாக நீர் குடிக்கும் பயிர். கழிவிலிருந்து பொருள் என்ற முழக்கமும், உணவுப் பயிரிலிருந்து பொருள் என்ற நடைமுறையும் ஒன்றாக எண்ணப்படலாகாது. மேலும், மேலே கூறிய 58 டிகிரி நிபந்தனை பி.எல்.ஏ.வுக்கு முழுமையாகப் பொருந்தும்.

தாவரப் பொருள் என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதையும் அண்மை அனுபவம் உணர்த்தியது. கூழ்த் தட்டுகளில் எண்ணெய் ஊறாதிருக்கப் பூசப்பட்ட சில ஃபுளூரின் வேதிப்பொருள்கள் உடலில் தங்குபவை எனக் கண்டறியப்பட்டு, மேலை நாடுகளில் கைவிடப்பட்டன. கர்நாடகத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் ஏற்றுமதியாகும் பாக்குமட்டைத் தட்டுகள் குறித்து 2025-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஆட்சேபம் எழுப்பியது. தரச் சோதனையில் முன்கூட்டியே கவனம் செலுத்தாவிட்டால் ஒரு கிராமத் தொழிலே ஒரே நாளில் சந்தையை இழக்க நேரும்.

கடற்பாசி: எதிர்பார்ப்பும் கணக்கும்

கடற்பாசி வளர நிலம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், உரமும் வேண்டாம். அதிலிருந்து கிடைக்கும் அகர், ஆல்ஜினேட், காராஜீனன் ஆகிய பசைப் பொருள்களை நீரில் கரைத்து, கிளிசரின் போன்ற ஒன்றைச் சேர்த்து, மெல்லியதாகப் பரப்பி உலர்த்தினால் ஒளி புகும் படலம் கிடைக்கிறது. அது மண்ணிலும் நீரிலும் விரைவில் கரைந்துபோகும். சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் விஞ்ஞானிகள் 'காப்பாபைகஸ்' பாசியைக் கொண்டு இத்தகைய படலத்தை உருவாக்கினர். குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் நெடுங்காலமாக இத்துறையில் ஈடுபட்டு வருகிறது. அதன் மண்டபம் கிளையின் வழியாகத்தான் அப்பாசியின் வளர்ப்பு ராமநாதபுரம் கடலோரத்துக்கு வந்து சேர்ந்தது.

நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் தமிழகத்தில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அமைக்கப்படும் என அறிவித்தார். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் அது அமையத் திட்டமிடப்பட்டது. பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் கடற்பாசிக்கு 640 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 2025-க்குள் 11 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி என இலக்கு வைக்கப்பட்டது. உலக உற்பத்தியில் இந்தியாவின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதை நோக்க, இது மிகப் பெரிய இலக்கு.

இலக்கு முழுமையாக நிறைவேறியதாகவே கொண்டாலும் கணக்கு என்ன சொல்கிறது? ஈரப் பாசி உலர்ந்தால் சுமார் பத்தில் ஒரு பங்காகிவிடும். 11 லட்சம் டன் 1.1 லட்சம் டன்னாகும். அதில் மூன்றில் ஒரு பங்கு பசைப்பொருள் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 37 ஆயிரம் டன். நாட்டின் பிளாஸ்டிக் கழிவில் இது ஒரு சதவீதத்தைத் தொடாது. அந்தப் பசைப்பொருளுக்கு ஐஸ்கிரீம், பற்பசை, மருந்து ஆகிய தொழில்களில் நல்ல விலை காத்திருக்கிறது. உறை செய்பவரால் அந்த விலையைக் கொடுக்க இயலாது.

நீரில் கரைவது என்ற சிறப்பே சில பயன்பாடுகளில் குறையாகவும் மாறும். மழைக்காலத்தில் அரிசியோ பருப்போ கட்டித்தர அந்தப் படலம் உதவாது. மருந்துப் பொட்டலம், சலவைத்தூள் உறை, உணவுப் பொருள்களின் உள்ளுறை, நாற்றங்கால் பை எனத் தேர்ந்தெடுத்த இடங்களில்தான் கடற்பாசி வெல்ல முடியும். பசைப்பொருளைப் பிரித்தபின் எஞ்சும் சக்கையை வைக்கோல் நாரோடு கலந்து அட்டையாக்கினால் செலவு குறையும். இரு கழிவுகளையும் சேர்த்துப் பார்க்கும் அணுகுமுறை இங்குதான் பயன்படும்.

சூழல் எச்சரிக்கையும் உண்டு. காப்பாபைகஸ் இந்தியக் கடலுக்குரிய இனமன்று. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவை ஒட்டிய பவளப்பாறைகள் மீது அது படர்ந்திருப்பது 2008-இல் விஞ்ஞானிகளால் பதிவு செய்யப்பட்டது. அந்த வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுபவை. மறுபுறம், 2013-க்குப் பின் கடல் நீரின் வெப்பம் உயர்ந்தபோது பாக் நீரிணையோரம் பயிர் பெருமளவில் அழிந்து, மூங்கில் மிதவைகளில் பாசி வளர்த்து வந்த மீனவப் பெண்கள் பலர் வருவாய் இழந்தனர். 45 நாள்களில் அறுவடை என்ற கணக்கு, கடல் ஒத்துழைக்கும் வரைதான்.

நாடாளுமன்றம் என்ன செய்யலாம்?

பிளாஸ்டிக் தொடர்பான விதிகள் எல்லாம் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசிதழில் வெளியிடப்படுபவை. மசோதாவைப் போல அவை விவாதத்துக்கு வருவதில்லை. அவை மேசையில் வைக்கப்படும் காகிதங்களின் பட்டியலில் ஒரு வரியாகக் கடந்துபோகின்றன. திருத்தம் கோரும் உரிமை உறுப்பினர்களுக்கு இருந்தும் அது பயன்படுத்தப்படுவது அரிது. லட்சக்கணக்கான சிறு தொழில்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் மைக்ரான் கணக்கும், 'மக்கும்' என்ற சொல்லின் வரையறையும் இவ்வாறுதான் சட்டமாயின.

மக்கள் நம்பிக்கைச் சட்டம் 2023-இல் நிறைவேறியபோது, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த ஐந்தாண்டு சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என மாற்றப்பட்டது. தள்ளுவண்டி வியாபாரியைச் சிறைக்கு அனுப்பாதது நியாயம். பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு பொருட்டா என்ற கேள்வி மட்டும் எஞ்சியுள்ளது.

பன்னாட்டு அரங்கிலும் தீர்வு தள்ளிப்போகிறது. பிளாஸ்டிக் மாசைத் தடுக்க உலக உடன்படிக்கை காண்பது என 2022 மார்ச்சில் நைரோபியில் முடிவாயிற்று. 2024 இறுதியில் தென் கொரியாவின் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் நடந்த பேச்சுவார்த்தைகள் உடன்பாடின்றி முடிந்தன. பிளாஸ்டிக் உற்பத்திக்கே உச்சவரம்பு விதிப்பதை இந்தியா ஏற்கவில்லை; வளரும் நாடுகளுக்கு நிதியும் தொழில்நுட்பமும் வேண்டும் என்பது அதன் நிலை. அந்த நிலைக்கு வலுச் சேர்க்க வேண்டுமானால், உள்நாட்டில் மாற்றுப் பொருள் பெருகுவதை இந்தியா செயலில் காட்ட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு ஆணை, வேதியியல் மாற்றம் செய்யப்படாத இயற்கைப் பாலிமர்களைப் பிளாஸ்டிக் என்ற வரையறையிலிருந்தே விலக்கியது. பி.எல்.ஏ. அங்கு பிளாஸ்டிக்காகவே கருதப்படுகிறது. கடற்பாசிக்கும் வைக்கோல் நாருக்கும் அங்கு தனிப் பாதை கிடைத்தது. இந்திய விதிகளிலும் இயற்கை நார்ப்பொருளுக்கும் ஆலையில் செய்யும் மக்கும் பாலிமருக்கும் இடையே தெளிவான கோடு கிழிப்பது இரு தரப்புக்கும் நன்மை தரும்.

மண் குவளையின் பாடம்

ரயில்வே அமைச்சராக லாலு பிரசாத் 2004-இல் பொறுப்பேற்றதும், ரயில் நிலையங்களில் தேநீரை மண் குவளையில்தான் தர வேண்டும் என உத்தரவிட்டார். குயவர்களுக்கு வாழ்வு கிடைக்கும், பிளாஸ்டிக் ஒழியும் என்ற நோக்கம் பாராட்டப்பட்டது. ஆனால் தேவையான எண்ணிக்கையில் குவளைகள் கிடைக்காமலும், விலையும் எடையும் இடையூறாகவும் சில ஆண்டுகளில் அந்த உத்தரவு நடைமுறையில் மங்கியது. வாங்குபவர் முன்வந்தும், செய்து தருவோரை ஆயத்தப்படுத்தாமையால் நேர்ந்த தோல்வி அது.

இன்றைய நிலை அதற்கு நேர் எதிரானது. செய்து தருவோர் சிலர் ஆயத்தமாக உள்ளனர். நிச்சயமாக வாங்குவோர்தான் இல்லை. எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் செய்ததைப் போல, ரயில்வே உணவகங்கள், ராணுவச் சிற்றுண்டிச்சாலைகள், அரசு மருத்துவமனைகள் ஆகியவை பயிர்க்கழிவுப் பொருள்களைக் குறிப்பிட்ட சதவீதம் வாங்க வேண்டும் என விதித்தால், வங்கிக் கடனுக்கு அந்த ஆணையே பிணையாகும். மாவட்டந்தோறும் வைக்கோல் கிடங்கு, நகரந்தோறும் சான்றுபெற்ற உரக்கிடங்கு என்ற இரண்டும் உடன் அமையாவிட்டால், எந்தக் கொள்கையும் குப்பைமேட்டில்தான் முடியும்.

இவற்றுக்கு வேளாண்மை, மின்துறை, மீன்வளம், சுற்றுச்சூழல், அறிவியல் ஆகிய அமைச்சகங்கள் ஒரே மேசையில் அமர வேண்டும். பயோ இ-3 கொள்கையின் வெற்றி தோல்வியை நிர்ணயிக்கப் போவது இந்த ஒருங்கிணைப்பே. அடுத்த குளிர்காலத்தில் தில்லியின் மீது புகை கவியும்போது, அவையில் வைக்கோலுக்கு ஒரு பதிலும் பிளாஸ்டிக்குக்கு வேறொரு பதிலும் தனித்தனியே வாசிக்கப்படுமானால், பஞ்சாப் விவசாயி வைக்கோலுக்குத் தீ வைப்பதைத் தவிர வேறு வழி காணமாட்டார். ராமநாதபுரத்து மீனவப் பெண்ணும் உலர்த்திய பாசிக்கு வியாபாரி சொல்லும் விலையையே நம்பியிருப்பார்.